மாத்திரையிலேயே பல்வலி நின்றுவிட்டது. இனி ரூட் கெனால் எதற்கு?

திருச்சிவாசி

எல்லோருக்கும் வணக்கம். வயது 38, வேறு நோய் எதுவும் கிடையாது. கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றில் ரொம்ப காலமாகச் சொத்தை. சோறோ கறியோ மாட்டினால் குச்சியால் எடுத்துவிட்டு மறந்துவிடுவேன். போன வாரம் ஜில்லென்று மோர் குடித்தேன், அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் கூச்சம்தான், அப்புறம் சும்மா இருக்கும்போதே வலி. ராத்திரி படுத்தால் காது வரை இழுக்கும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம். மருந்துக் கடையில் சொல்லி அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஒரு வலி மாத்திரையும் வாங்கிப் போட்டேன். நேற்றிலிருந்து வலி சுத்தமாக இல்லை.

நடுவில் ஒரு டாக்டரிடமும் போயிருந்தேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, ரூட் கெனால் (பல் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கிற சிகிச்சை) பண்ணி மேலே கேப், அதாவது மூடி, போட வேண்டும் என்றார். இரண்டும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல். வலித்தபோது சரி என்றுதான் தோன்றியது. வலியே இல்லாத பல்லுக்கு இவ்வளவு செலவா என்று இப்போது யோசனையாக இருக்கிறது. அம்மா, "பிடுங்கிப் போட்டுட்டு வா, ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாஇரு

பத்தாயிரம் மிச்சம் பிடித்த அந்த மாத்திரையின் பெயர் மட்டும் சொல்லுங்கள் அண்ணா, நானும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

கோவைக்காரி

மேலே இருப்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள். என் நாத்தனாருக்கு அச்சு அசல் இதே கதை. வலி நின்றது, டாக்டரிடம் போவதும் நின்றது. சில மாதம் கழித்து ஒரு வளைகாப்பு வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே கன்னம் வீங்க ஆரம்பித்தது. மறுநாள் காலையில் ஒரு பக்கக் கண்ணே சின்னதாகிவிட்டது. அப்போது செய்ததும் அதே ரூட் கெனால்தான். கூடவே சீழை வெளியேற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்து, வேலைக்கு லீவும் போட வேண்டியதாயிற்று.

நெல்லை_பல்மருத்துவர்

வேர் சிகிச்சைதான் என் பிரிவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் பல்லை நான் பார்க்கவில்லை. எழுதியிருப்பதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பல்லின் நடுவில் ஒரு சின்ன அறை, அதிலிருந்து வேரின் நுனி வரை மெல்லிய குழாய்கள். அதற்குள் நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த சதை இருக்கிறது. கூழ் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சொத்தை அது வரை போனால் அங்கே அழற்சி வரும். கையில் அடிபட்டால் வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமே இல்லை. அதனால் அழுத்தம் ஏறுகிறது. படுக்கும்போது தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் வலியும் கூடுகிறது. நீங்கள் சொன்ன ராத்திரி வலி, உட்கார்ந்தால் குறைவது, தூண்டாமலேயே வருவது எல்லாம் சேர்ந்தால், அந்தக் கூழ் இனி தானாக ஆறாது என்று அர்த்தம்.

இப்படியே இருந்தால் அடுத்து நடப்பது, உள்ளே இருக்கும் சதை செத்துப்போவது. செத்த நரம்பு வலிக்காது. "மாத்திரையில் சரியாகிவிட்டது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள். மாத்திரை போட்டதும் நரம்பு செத்ததும் ஒரே வாரத்தில் நடந்ததால் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. கிருமிகளுக்கு அதற்குப் பிறகுதான் கொண்டாட்டம். செத்த சதையைத் தின்றுகொண்டு மெதுவாக வேர் நுனிக்கு இறங்கி, அங்கிருந்து தாடை எலும்புக்குப் போகும். இது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், சத்தமே இல்லாமல் நடக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. எலும்பின் தாதுச்சத்து கணிசமாகக் கரைந்த பிறகுதான் வேர் நுனியில் கறுப்பு நிழல் விழும்.

ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகப் போவது. செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லாதபோது அது எப்படி உள்ளே போகும்? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதுதான் இருக்கிறது: நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள பெரியவர்களுக்கு, பல் சிகிச்சை கிடைக்கும் இடத்தில், பெரும்பாலான பல்வலிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியதில்லை. காய்ச்சல், பரவுகிற வீக்கம் என்று வரும்போதுதான் அதற்கு வேலை. அப்போதும் சீழை வெளியேற்றுவதும் பல்லைச் சுத்தம் செய்வதும்தான் முதல் வைத்தியம்.

ஒரு கேள்வி. அந்த டாக்டர் குளிர்ச்சியான எதையாவது பல்லில் வைத்துப் பார்த்தாரா?

திருச்சிவாசி

வைத்தார் டாக்டர். நான் இரண்டாவது தடவை போனபோது, அதாவது வலி நின்ற அன்று. ஏதோ ஸ்பிரேயைப் பஞ்சில் அடித்தார், பஞ்சில் வெள்ளையாகப் பனி மாதிரி படிந்தது. முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தார், சுருக்கென்று தூக்கிப் போட்டது, எடுத்ததும் போய்விட்டது. இந்தப் பல்லில் வைத்தார், ஒன்றுமே தெரியவில்லை. "தெரிஞ்சா கை தூக்குங்க" என்றார். நான் தூக்கவே இல்லை. கூச்சம்கூடப் போய்விட்டதே, நல்லதுதான் என்று நினைத்தேன்.

நெல்லை_பல்மருத்துவர்

பக்கத்துப் பல்லில் நடந்ததுதான் ஆரோக்கியம்: குளிர் பட்டதும் சுருக், எடுத்ததும் சரி. போன வாரம் மோர் குடித்தபோது உங்கள் பல்லில் வந்து நிற்காமல் இருந்த வலி, கூழ் சாகத் தொடங்கியதன் அடையாளம். இப்போது ஒன்றுமே தெரியாதது, அது செத்ததன் அடையாளம். உங்கள் டாக்டர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அவசரமாக இன்றைக்கே ஓட வேண்டியதில்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும். மேல் பல்லா கீழ்ப் பல்லா என்றே தெரியாமல் வலிப்பது சகஜம். சைனஸ் அடைத்திருந்தால் மேல் கடைவாய்ப் பற்கள் வரிசையாக வலிக்கும். மாடி ஏறினால் வந்து உட்கார்ந்தால் போகிற கீழ்த்தாடை வலி இதயத்திலிருந்தும் வரலாம். பல்லைத் திறப்பதற்கு முன்னால் குளிர் சோதனை, தட்டிப் பார்த்தல், எக்ஸ்ரே மூன்றும் ஒரே பல்லைக் காட்டுகிறதா என்று கேளுங்கள்.

ஓய்வு_வாத்தியார்

அம்மா சொல்வதில் என்ன தப்பு? எங்கள் காலத்தில் ரூட் கெனால் எல்லாம் யார் கண்டது. ஆடினால் பிடுங்கினோம், வலித்தால் பிடுங்கினோம். எனக்கு இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் கிடையாது. முறுக்கு ஒன்றுதான் சாப்பிட முடியாது, மற்றபடி சௌக்கியம். ஆனால் மேல் பல் என்றால் யோசிக்க வேண்டும், கண் பார்வை பாதிக்கும் என்பார்கள். கீழ்ப் பல்லுக்கு என்ன பயம்?

நெல்லை_பல்மருத்துவர்

சார், பிடுங்குவதும் ஒரு சிகிச்சைதான், மறுக்கவில்லை. வேர் நெடுக விரிசல் விட்ட பல், ஈறு நோயில் எலும்பு கரைந்து ஆடுகிற பல், கேப் பிடித்துக்கொள்ள மேலே எதுவுமே மிஞ்சாத பல், இவற்றுக்கு நானே பிடுங்கச் சொல்வேன். தொல்லை கொடுக்கிற ஞானப்பல்லையும் யாரும் காப்பாற்ற மெனக்கெடுவதில்லை. இவருடையது 38 வயதில் மென்று தின்கிற முக்கியமான பல். எடுத்துவிட்டு அப்படியே விட்டால் பின்னால் இருக்கும் பல் அந்த இடத்தில் சாயும், மேலே இருக்கும் பல் எதிரே ஆள் இல்லாமல் கீழே இறங்கும். அப்புறம் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல்), பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கிற செயற்கைப் பல்) என்று போனால் செலவு ரூட் கெனாலை விடக் கூடுதல்.

மேல் பல்லைப் பிடுங்குவதற்கும் கண் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. சீழ் கட்டிய மேல் பல்லை வைத்துக்கொண்டிருப்பதுதான் கண்ணுக்கு ஆபத்து. கோவைக்காரி அவர்களின் நாத்தனார் கதையைப் பாருங்கள்.

இயற்கைவழி

மன்னிக்கவும், இங்கே ஒரு பக்கம் மட்டுமே பேசப்படுகிறது. செத்த உறுப்பு எதையாவது உடம்பில் வைத்துக்கொள்வோமா? செத்த பல்லை மட்டும் ஏன்? அதிலிருந்து விஷம் ரத்தத்தில் கலந்து புற்றுநோய், இதய நோய் வருகிறது என்று வெளிநாட்டு டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். கிராம்பு, நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, கண்டங்கத்திரி விதைப் புகை. நம் பாட்டிமார்கள் இதிலேயே புழுவை வெளியே எடுத்தார்கள்.

ராத்திரி_ஷிஃப்ட்

வந்துவிட்டது வாட்ஸ்அப்.

நெல்லை_பல்மருத்துவர்

கிண்டல் வேண்டாம் தம்பி, இந்தக் கேள்வி கிளினிக்கில் அடிக்கடி வருவதுதான்.

அந்த வெளிநாட்டு டாக்டர் கதை நூறு வருடப் பழசு. 1910-ல் வில்லியம் ஹன்ட்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வாயில் இருக்கும் கிருமிதான் பல நோய்களுக்கு மூலம் என்று பேசினார். 1920-களில் வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், வேர் சிகிச்சை செய்த பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்துச் சோதனை செய்து, நோய் பரவுகிறது என்றார். அதை நம்பிப் பல லட்சம் நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். பிடுங்கியவர்களுக்கு மூட்டு வலியும் போகவில்லை, மற்ற நோயும் போகவில்லை. பிறகு வந்தவர்கள் கிருமி கலக்காமல் ஒழுங்காகச் சோதனை செய்தபோது பிரைஸ் சொன்னது நிற்கவில்லை. ரூட் கெனால் செய்ததால் புற்றுநோய் வந்தது என்பதற்கு இன்றுவரை ஆதாரம் கிடையாது.

"செத்த உறுப்பு" என்பதும் பாதிதான் சரி. உள்ளே இருந்த கூழ் போய்விட்டது. வேரைச் சுற்றிப் பிடித்திருக்கும் சவ்வும் எலும்பும் உயிரோடுதான் இருக்கின்றன. சோற்றில் கல் கடிபட்டால் ரூட் கெனால் செய்த பல்லிலும் தெரிவது அதனால்தான். கிருமியோடு அழுகிக் கிடக்கும் சதையை எடுத்துச் சுத்தம் செய்து மூடுவதுதான் இந்தச் சிகிச்சை; விஷம் என்று நீங்கள் பயப்படுவதைத்தான் வெளியே எடுக்கிறோம்.

கிராம்பு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதில் உள்ள யூஜினால் வலியை மரத்துப்போகச் செய்யும். எங்கள் தற்காலிக அடைப்பு சிமென்ட்டில்கூட அது உண்டு. டாக்டரைப் பார்க்கும்வரை ஒரு ராத்திரியைத் தள்ள உதவும். கிராம்பு எண்ணெயை மொத்தமாக ஈறில் ஊற்றினால் வெந்துபோகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் பல்லோரம் வைப்பதும் அப்படித்தான், கன்னத்தில் வெள்ளையாகப் புண்ணோடு வருவார்கள். பல்லில் புழு கிடையாது. கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குவதால் வருவதுதான் சொத்தை. புகைக்கு அதில் வேலை இல்லை.

இயற்கைவழி

உங்கள் கருத்து உங்களுக்கு, என் அனுபவம் எனக்கு. விடைபெறுகிறேன்.

ராத்திரி_ஷிஃப்ட்

எனக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது, மேல் பல். தள்ளிப்போடுவதற்குக் காரணம் காசு இல்லை, பயம். உண்மையைச் சொல்லுங்கள், வலிக்குமா வலிக்காதா? "எறும்பு கடிக்கிற மாதிரி" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

கோவைக்காரி

எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஊசி போட்டார்கள், அது கொஞ்சம் வலித்தது. கொஞ்ச நேரத்தில் உதடு தடித்துப்போன மாதிரி ஆனது. அப்புறம் நீலக் கலரில் ஒரு ரப்பர் ஷீட்டை நடுவில் ஓட்டை போட்டுப் பல்லில் மாட்டி, கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும், மற்றதெல்லாம் ஷீட்டுக்குப் பின்னால். ஓட்டை போடும் சத்தம் கிர்ரென்று தலைக்குள் கேட்கும், வலி இல்லை. அப்புறம் ஊசி மாதிரி மெல்லிய ஃபைல்கள், ஒவ்வொன்றிலும் குட்டியாக ரப்பர் வளையம். உதட்டில் ஒரு கொக்கி மாட்டி, ஃபைலை உள்ளே விட விட ஒரு மெஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டே வேகம் கூடியது. ஒரு இடத்தில் விடாமல் கத்தியதும் டாக்டர் நிறுத்தி, ரப்பர் வளையத்தைப் பல் விளிம்பு வரை தள்ளி, வெளியே எடுத்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். நடுநடுவே ஏதோ மருந்து விட்டுக் கழுவினார்கள், நீச்சல் குளத்து வாசனை. மொத்தத்தில் வாயைத் திறந்து வைத்துத் தாடைதான் வலித்தது.

நெல்லை_பல்மருத்துவர்

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் மேடம். அந்த மெஷின் வேர் நுனி எங்கே முடிகிறது என்று மின்சாரத்தால் அளப்பது. நுனிக்கு முன்னாலேயே நிறுத்தினால் கிருமி மிஞ்சும், தாண்டிப் போனால் எலும்பில் குத்தும். நீச்சல் குளத்து வாசனை சோடியம் ஹைப்போகுளோரைட். கிருமியைக் கொல்லும், செத்த சதையைக் கரைக்கும். பாதி வேலையை ஃபைல் இல்லை, அதுதான் செய்கிறது, ஏனென்றால் குழாய்கள் நேராக இருக்காது, கிளை விட்டுப் போகும், எல்லா மூலைக்கும் ஃபைல் போகாது.

நீல ஷீட் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் ரப்பர் டேம். 1864-ல் நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் என்பவர் பயன்படுத்தத் தொடங்கியது. எச்சிலில் இருக்கும் கிருமி பல்லுக்குள் போகாது, மருந்து தொண்டைக்குப் போகாது, கை தவறினால் ஃபைலை விழுங்கிவிடுகிற அபாயம் இல்லை. "ரப்பர் டேம் போடுவீர்களா" என்று முன்கூட்டியே கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்த கிளினிக் எப்படி வேலை செய்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

தம்பி, உங்கள் கேள்விக்கு. மேல் பல் மரத்துப்போவது சுலபம். கீழ்க் கடைவாய்ப் பல், அதுவும் வலி உச்சத்தில் இருக்கும்போது, ஒரு ஊசியில் முழுக்க மரக்காமல் போவது உண்டு. அழற்சியில் இருக்கும் நரம்பு மருந்துக்கு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். இடது கையைத் தூக்குங்கள், டாக்டர் நிறுத்திவிட்டு வேறு இடத்தில் இன்னொரு ஊசி போடுவார், தேவைப்பட்டால் பல்லுக்குள்ளேயே போடுவார். ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். மருந்தில் அட்ரினலின் கலந்திருக்கிறது, சில நிமிடத்தில் போய்விடும். வீட்டுக்குப் போன பிறகு இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும். இபுப்ரோஃபென், பாரசிட்டமால் போதும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, கர்ப்பம் இதில் எது இருந்தாலும் இபுப்ரோஃபெனைக் கேட்காமல் போடாதீர்கள். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். ஏறினால் திரும்பப் போங்கள்; பல சமயம் அடைப்பு கொஞ்சம் உயரமாக இருந்து முதலில் அதுவே கடிபடுவதால் வருவது, தேய்த்துவிட்டால் சரி.

பினாங்குத்தமிழன்

ஓர் இடைச்செருகல். குழாய்க்குள் கடைசியில் வைத்து அடைக்கிறார்களே ஆரஞ்சு நிறக் குச்சி, கட்டா பெர்ச்சா, அது எங்கள் ஊர்க் காட்டு மரத்துப் பால். 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு மேலே சுற்றியதும் இதேதான். கேபிளுக்காக மலாயாக் காடுகளில் மரத்தை வெட்டி வெட்டியே தீர்த்தார்கள். என் பல்லில் கொஞ்சம் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை.

நெல்லை_பல்மருத்துவர்

சரியான தகவல் ஐயா. இப்போதைய குச்சியில் அந்தப் பால் கொஞ்சம்தான், பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்கு பேரியம் சல்ஃபேட்டும் சேர்ப்பார்கள். முடிந்ததும் எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைக் கோடு இடைவெளி இல்லாமல் வேர் நுனிக்குக் கொஞ்சம் முன்பு வரை போகிறதா என்று நோயாளியே பார்க்கலாம். காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வேலூர்_மாமா

எக்ஸ்ரே என்றதும் என் கதை. ஒரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், ரூட் கெனால் செய்துகொண்டேன். பிறகு வேறு எதற்கோ இன்னொரு டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயில் வேருக்குள் சின்னதாக ஒரு கம்பித் துண்டு. "ஃபைல் முனை உடைஞ்சு உள்ளே இருக்கே, சொல்லலையா?" என்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை! காசு வாங்கினார்கள், கேப் போட்டார்கள், கைகுலுக்கி அனுப்பினார்கள். இப்போது வலி இல்லை. ஆனால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கம் மெல்லவே மனசு வரவில்லை. கேஸ் போடலாமா?

நெல்லை_பல்மருத்துவர்

உடைவது யார் கையிலும் நடக்கும். இந்த ஃபைல்கள் நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம், வளைந்த வேருக்குள் சுற்றும்போது களைத்து முறியும். சொல்லாமல் விட்டதுதான் தப்பு, அதற்குச் சமாதானமே கிடையாது.

உலோகத் துண்டு தானாக நோய் தராது. அது முறிவதற்கு முன்னால் குழாய் எவ்வளவு சுத்தமாகியிருந்தது என்பதுதான் கேள்வி. கடைசிக் கட்டத்தில் முறிந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆரம்பத்திலேயே, வேர் நுனியில் ஏற்கெனவே சீழ் இருந்த பல்லில் முறிந்திருந்தால் கவனிக்க வேண்டும். மைக்ரோஸ்கோப் வைத்து எடுக்கலாம், பக்கவாட்டில் புகுந்து தாண்டிப் போகலாம், அல்லது அப்படியே விட்டு எக்ஸ்ரேயில் கண்காணிக்கலாம். வலியும் நிழலும் இல்லை என்றால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். எடுக்கப் போய் வேரை மெலிதாக்கி உடைப்பதில் லாபம் இல்லை. தாராளமாக மெல்லுங்கள். பழைய எக்ஸ்ரேக்களையும் குறிப்புகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அவை உங்களுக்கு உரியவை. கேஸ் பற்றி வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

திருச்சிவாசி

இவ்வளவு படித்த பிறகு செய்துகொள்வது என்று முடிவு. ஆனால் ஒரு சந்தேகம் டாக்டர், கேப் கட்டாயமா? ஆபீசில் ஒருவர், "கேப்தான் அவங்களுக்கு லாபம், சிமென்ட் வெச்சு அடைச்சுட்டு வந்துடு" என்கிறார். பாதிச் செலவு அதற்குத்தான் போகிறது.

நெல்லை_பல்மருத்துவர்

இந்த இழையில் இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

அமெரிக்காவில் ஒரு பல் காப்பீட்டு நிறுவனத்தின் பதிவுகளை வைத்து 2004-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 14 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட் கெனால் பற்களைப் பார்த்தார்கள். எட்டு வருடத்துக்குப் பிறகும் 97 சதவீதம் பல் வாயிலேயே இருந்தது. பிடுங்க வேண்டி வந்த பற்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் 85 சதவீதத்துக்கு முழு மூடி போடவில்லை. பெரும்பாலும் வேருக்குள் செய்த வேலையைவிட மேலே மூடாததுதான் பல்லைக் கொல்கிறது.

கடைவாய்ப் பல்லில் சொத்தை ஒரு பக்கச் சுவரைத் தின்றிருக்கும், நாங்கள் உள்ளே போக மேல் கூரையைத் திறந்திருப்போம். மிச்சம் நிற்பது உத்திரத்தை உருவிவிட்ட ஓட்டு வீடு மாதிரிதான். சிமென்ட் ஓட்டையை அடைக்கும், சுவர்களைச் சேர்த்துப் பிடிக்காது. ஒருநாள் கடலை மிட்டாயோ எலும்போ கடிக்கும்போது வேர் வரை இரண்டாகப் பிளக்கும். பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை; ரூட் கெனாலுக்குக் கொடுத்த காசும் போச்சு. என்னிடம் பிளந்த பல்லோடு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, "வலியே இல்லை டாக்டர், அதான் கேப்புக்கு வரலை".

முன்பற்கள் அப்படியில்லை. சுவர் நன்றாக இருந்தால் பல் நிறத்து அடைப்பே போதும். நிறம் மங்கினால் உள்ளேயிருந்து வெளுக்கச் செய்யலாம். முன்பல்லுக்குக் கட்டாயக் கேப் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஆபீஸ் நண்பரின் சந்தேகம் அங்கே பொருந்தலாம்.

எந்தக் கேப் என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். சிரித்தால் தெரியாத கடைசிப் பல்லுக்கு முழு உலோகம் மலிவு, பல்லைக் குறைவாகத் தேய்த்தால் போதும், உழைக்கும். உலோகத்தின் மேல் செராமிக் பூசியது நடுத்தரம், சில வருடத்தில் செராமிக் மட்டும் சில்லு பெயரலாம். சிர்கோனியா என்கிற கெட்டியான வெள்ளைச் செராமிக்கில் பலமும் நிறமும் இருக்கும், விலையும் இருக்கும். விளிம்பு ஈறோடு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பது பொருளைவிட முக்கியம்.

ராத்திரி_ஷிஃப்ட்

ஒரே சிட்டிங்கில் முடிப்பவர் நல்ல டாக்டரா, நாலு தடவை வரச் சொல்பவர் நல்ல டாக்டரா?

நெல்லை_பல்மருத்துவர்

இரண்டிலும் ஆறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. சீழ் வடிந்துகொண்டிருந்தால் உள்ளே கிருமியைக் கொல்லும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்துவிட்டு அடுத்த முறை அடைப்போம். தற்காலிக அடைப்போடு அனுப்பினால் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். அது விழுந்துவிட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் போடுங்கள். திறந்து கிடந்தால் சுத்தம் செய்ததெல்லாம் வீண். வலி நின்றதும் பாதியில் காணாமல் போகிறவர்கள்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

கோவைக்காரி

டாக்டர், என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை, ஸ்டென்ட் வைத்திருக்கிறது, எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை. பல் ஒன்று சீழ் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்வார்களோ என்று பயந்து போகாமலே இருக்கிறார்.

நெல்லை_பல்மருத்துவர்

அம்மாவிடம் சொல்லுங்கள், மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் உள்ளவர் நிறுத்தினால் இதய ரத்தக் குழாயில் அடைப்பு வரலாம், அது பல்லைவிடப் பெரிய விபரீதம். ரூட் கெனாலில் ரத்தப்போக்கு மிகக் குறைவு, நிறுத்தத் தேவையே வராது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையின் சமீபத்து முடிவைக் கையில் கொண்டுபோக வேண்டும்.

வாரம் ஒரு மாத்திரை என்றால் அநேகமாக அலெண்ட்ரோனேட். அந்த வகை மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. மாத்திரையில் குறைவு, புற்றுநோய்க்குப் போடும் சோலெட்ரோனிக் அமில ஊசியில் அதிகம். அதனால் அவர் பல்லைப் பிடுங்குவதைவிட ரூட் கெனால்தான் நல்லது. சர்க்கரைக்காரர் என்பதால் காலை நேரத்தில், சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மருந்தைப் போட்டுவிட்டுப் போகட்டும். எல்லா மருந்துச் சீட்டையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு முன்கூட்டி ஒரு வேளை ஆன்டிபயாடிக் தேவை. கர்ப்பிணிகளுக்கு நடு மூன்று மாதம் வசதி, ஆனால் சீழ் இருந்தால் எந்த மாதமும் செய்யலாம்.

எல்லோருக்குமாக ஒன்று: தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால் அது பல் கிளினிக்குக்கு உரிய விஷயம் இல்லை. நடு ராத்திரி என்றாலும் பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். மூச்சு அடைக்கும்.

வேலூர்_மாமா

காசு பற்றி யாரும் சொல்லவில்லையே. எல்லோராலும் பத்தாயிரம் முடியுமா?

ஓய்வு_வாத்தியார்

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. என் பேத்திக்கு அங்கேதான் செய்தோம். கூட்டம் உண்டு, சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும், மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்ப்பார். நேரம் நம்முடையது, அவ்வளவுதான். ரூட் கெனால் யார் கண்டது என்று எழுதிய அதே வாத்தியார்தான் இதையும் எழுதுகிறேன், பேத்திக்கு என்றால் வேறு!

நெல்லை_பல்மருத்துவர்

சார் சொன்னது நல்ல வழி. திருச்சிக்காரருக்குப் புதுக்கோட்டை பக்கம். அங்கே 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறார்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் கிளினிக்கைவிடக் குறைவு. எங்கே போனாலும் எக்ஸ்ரே, ரூட் கெனால், அடைப்பு, கேப் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். கேப்புக்குத் தனிக் காசு என்று பாதியில் தெரியவரும்போதுதான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

திருச்சிவாசி

சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டாயிற்று. ரப்பர் டேம் உண்டு என்றார்கள், கேப்போடு சேர்த்து மொத்தத் தொகையும் சொல்லிவிட்டார்கள். என் பல்லில் மூன்று குழாய் இருக்கும் என்றார், நாலாவது இருக்கலாம், திறந்தால்தான் தெரியும் என்றார். அது என்ன கணக்கு?

நெல்லை_பல்மருத்துவர்

நேர்மையான பதில். கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்று சாதாரணம், நாலும் நிறையப் பேருக்கு உண்டு. மேல் கடைவாய்ப் பல்லில் அந்த நாலாவது மயிரிழை மாதிரி ஒளிந்திருக்கும்; ரூட் கெனால் செய்தும் வலி திரும்புவதற்கு அப்படி விட்டுப்போன குழாய் ஒரு முக்கியக் காரணம். அப்போது ஈறில் பரு மாதிரி வந்து வந்து உடையும். மறுபடி திறந்து செய்யலாம், முடியாவிட்டால் வேர் நுனியை மட்டும் அறுவை செய்து எடுக்கலாம். பல் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கேப் போட்ட பிறகு ஒரு வருடம் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், எலும்பு ஆறுவது மெதுவாகத்தான்.

சும்மாஇரு

சரி, கிண்டல் போதும், எனக்கும் ஒரு கேள்வி. பையனுக்கு 6 வயது, பால்பல்லில் இதே மாதிரி சீழ். விழப்போகிற பல்தானே, அதற்கும் ரூட் கெனாலா?

நெல்லை_பல்மருத்துவர்

கடைவாய்ப் பால்பல் 10, 12 வயது வரை நிற்க வேண்டியது. முன்னாலேயே எடுத்தால் அடுத்த பல் நகர்ந்து, அடியில் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும். சிகிச்சை உண்டு, ஆனால் உள்ளே வைப்பது வேறு. பால்வேர் கரையும்போது சேர்ந்து கரைகிற மருந்து. குழந்தைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ் இருப்பதால் இந்த வாரமே.

மட்டுறுத்துநர்

பால்பல் கேள்விகள் இன்னும் வருகின்றன. அவற்றைக் "குழந்தைகள் நலம்" பகுதியில் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். மருந்தின் அளவைக் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.